பளபளக்கும் எதிர்கால உள்ளரங்கு: ஒளியமைப்புக்கும் எதிரொளிக்கும் பரப்புகளுக்குமான முழுமையான வழிகாட்டி

எதிர்காலத்து உள்ளரங்கு ஒன்றைக் கணினியில் உருவாக்க முனைவோர் பெரும்பாலும் ஒரே வகைக் காட்சியைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள்: மெருகேற்றிய கருந்தரை, உலோகத் தகடுகள் பொருத்திய சுவர்கள், கூரையோரமாக ஓடும் நீண்ட ஒளிப்பட்டைகள், விண்வெளியை நோக்கிய ஒரு பெரிய சாளரம். வடிவங்களைக் கட்டும் மாடலிங் எவ்வளவு நுணுக்கமாக அமைந்திருந்தாலும், முதல் ரெண்டரில் (கணினி கணக்கிட்டுத் தரும் படத்தில்) உலோகம் சாம்பல் நிற பிளாஸ்டிக்காகவும், தரை அடையாளமற்ற கறுப்பாகவும் தெரிவது மிகவும் பொதுவான அனுபவம். மங்கலான பரப்புகளுக்கு ஒளியூட்டும் அதே முறையைப் பளபளப்பான பரப்புகளுக்கும் கையாள்வதே இதற்குக் காரணம். மங்கலான சுவரின் மீது ஒளி விழுந்தால் சுவர் தெரியும். மெருகேற்றிய உலோகத்தின் மீது எவ்வளவு ஒளி விழுந்தாலும், அதன் எதிரில் என்ன இருக்கிறதோ அதுதான் அதில் தெரியும். ஆகையால் இத்தகைய அறையில் ஒவ்வொரு விளக்கையும் வைக்கும்போது "இது எதன் மேல் ஒளி வீசுகிறது" என்பதைவிட "இது எந்தப் பரப்பில், எந்த வடிவில் தெரியப்போகிறது" என்ற கேள்வியையே முதலில் கேட்க வேண்டும்.

இவ்வழிகாட்டி முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்கும் பிளெண்டர் மென்பொருளையும், அதில் காட்சியைப் படமாக்கும் சைக்கிள்ஸ் ரெண்டரரையும் அடிப்படையாகக் கொண்டது. ஒளிக்கதிர்களின் பாதையைப் பின்தொடரும் பிற ரெண்டரர்களிலும் பெயர்கள் சற்று மாறுமே தவிர, செய்முறை மாறாது.

அளவும் கேமராவும் முதலில்

அறையை உண்மையான அளவில், மீட்டர் கணக்கில் அமையுங்கள். ஒளியின் செறிவு தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், 3 மீட்டர் உயரமுள்ள கூரையை 30 மீட்டராகக் கட்டிவிட்டால் எந்த விளக்கின் அளவும் சரிவராது. பின்னர் கேமராவை நிறுத்தி, அதன் இடத்தை உறுதி செய்யுங்கள். மங்கலான பரப்புகள் நிறைந்த காட்சியில் கேமராவைக் கடைசியில் நகர்த்தினாலும் ஒளியமைப்பு பெரிதும் கெடாது. எதிரொளிக்கும் பரப்புகள் நிறைந்த காட்சியிலோ கேமரா அரை மீட்டர் நகர்ந்தாலும் ஒவ்வொரு பிரதிபலிப்பும் இடம் மாறிவிடும், அதுவரை செய்த வேலையில் பாதி வீணாகும்.

கேமராவின் உயரத்தைத் தீர்மானிக்கும்போது தரையையும் சேர்த்தே எண்ணிப் பாருங்கள். ஒளிவிலகல் எண் 1.5 கொண்ட பரப்பு ஒன்று, நேர் மேலிருந்து பார்க்கும்போது ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியையே எதிரொளிக்கிறது. பார்வை 60 பாகை சாயும்போது அது சுமார் 9 விழுக்காடாகவும், 80 பாகை சாயும்போது சுமார் 39 விழுக்காடாகவும் உயர்கிறது. ஃப்ரெனெல் விளைவு எனப்படும் இது, 1.6 மீட்டர் உயரத்தில் உள்ள கேமராவுக்கு என்னவாகப் பொருள்படுகிறது என்று பாருங்கள்: கேமராவிலிருந்து ஏறத்தாழ 2.8 மீட்டர் தள்ளியுள்ள தரை மங்கலாகவும், 9 மீட்டர் தள்ளியுள்ள தரை நான்கு மடங்குக்கும் மேல் வலுவாக எதிரொளிப்பதாகவும் தெரியும். கேமராவைத் தாழ்த்தினால் இந்த வலுவான பகுதி முன்னோக்கி வரும். தரை முழுவதும் கண்ணாடிபோல் மின்ன வேண்டும் என்பவர்கள் மெட்டீரியலை (பரப்பின் நிறத்தையும் தன்மையையும் குறிக்கும் அமைப்பை) திரும்பத் திரும்பத் திருத்துவதற்கு முன் கேமராவை ஒருமுறை தாழ்த்திப் பார்ப்பது நல்லது.

இரண்டு சோதனை ரெண்டர்கள்

மெட்டீரியல்கள் எதையும் உருவாக்கும் முன், காட்சி முழுவதற்கும் ஒரே சாம்பல் மெட்டீரியலை இட்டு ரெண்டர் செய்து ஒளியைச் சரிபார்ப்பது பரவலான வழக்கம். வியூ லேயர் பகுதியில் உள்ள மெட்டீரியல் ஓவர்ரைட் வசதி இதற்கென்றே இருக்கிறது. எதிர்கால உள்ளரங்குக்கு இந்த ஒரு சோதனை போதாது. சாம்பல் சோதனை முடிந்ததும், மெட்டாலிக் (உலோகத்தன்மை) 1, ரஃப்னஸ் (சொரசொரப்பு) 0.1 கொண்ட ஒரு வெள்ளி நிற மெட்டீரியலை அதே வழியில் காட்சி முழுவதற்கும் இட்டு இரண்டாவது சோதனையை எடுங்கள்.

என் கணிப்பில் இரண்டாவது சோதனையே அதிகம் கற்றுக்கொடுக்கிறது. எந்தத் தகடு வெறுமையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, எந்த வளைவில் ஒளிப்பட்டை அழகாக ஓடுகிறது, எந்த மூலையில் நார்மல்கள் (பரப்பு நோக்கும் திசைகள்) கோணலாக இருக்கின்றன என்பதெல்லாம் அதில் ஒளிவுமறைவின்றி வெளிப்படும். சாம்பல் மெட்டீரியலில் கண்ணுக்கே தெரியாத மாடலிங் பிழைகள் உலோகத்தில் நெளிந்த பிரதிபலிப்புகளாகத் தெரியும். தட்டையான தகடுகளில் இத்தகைய நெளிவு தெரிந்தால், விளிம்புகளுக்குப் பெவல் (சிறு வளைவு) கொடுத்து, நார்மல்களைச் சீராக்கும் வெயிட்டட் நார்மல் மாடிஃபயரைச் சேர்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பெவல் இங்கே விருப்பத் தேர்வு அன்று. உண்மையான எந்தத் தகட்டின் விளிம்பும் கத்தி முனையாக இருப்பதில்லை. 2 அல்லது 3 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு வளைவு பல திசைகளையும் ஒரே நேரத்தில் பார்ப்பதால், அறையில் எங்கோ இருக்கும் ஒரு விளக்கையேனும் அது பிடித்துக் காட்டிவிடும். இருண்ட சுவரில் ஒரு தகடு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணுக்குச் சொல்வது அந்த மெல்லிய ஒளிக்கோடுதான்.

உலோகமும் உலோகமல்லாததும்

2012-இல் டிஸ்னி நிறுவனத்தின் பிரெண்ட் பர்லி முன்வைத்த மெட்டீரியல் மாதிரியை ஒட்டி உருவானதே பிளெண்டரின் முதன்மை மெட்டீரியல் அமைப்பான பிரின்சிபிள்ட் பிஎஸ்டிஎஃப். அதில் பல எண்கள் இருந்தாலும், முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பொருள் உலோகமா, இல்லையா? மெட்டாலிக் மதிப்பு 0 அல்லது 1 ஆக இருக்கட்டும். இடைப்பட்ட மதிப்புகள் துருவும் வண்ணமும் சந்திக்கும் எல்லை போன்ற இடங்களுக்கு மட்டுமே பொருந்தும். 0.5 என்று வைத்து "பாதி உலோகம்" செய்ய முயல்வதுதான் முன்னே சொன்ன சாம்பல் பிளாஸ்டிக்கின் பிறப்பிடம்.

உலோகத்துக்குள் புகும் ஒளி பரவி வெளியே வருவதில்லை; ஆதலால் அதன் நிறம் முழுவதும் எதிரொளிப்பின் நிறமே. ஒளியின் அளவுக்கு நேர்விகிதமான நேரியல் மதிப்புகளில் அலுமினியம் ஏறத்தாழ 0.91, இரும்பு 0.56, தங்கம் சிவப்பு–பச்சை–நீல வரிசையில் 1.0, 0.77, 0.34, செம்பு 0.95, 0.64, 0.54 என அமையும். பிளெண்டரின் நிறத்தேர்வில் காணும் ஆர்ஜிபி எண்கள் நேரியல் மதிப்புகள் என்பதால் இவற்றை அப்படியே இடலாம். உலோகத்தை இருட்டாகக் காட்ட விரும்பி அதன் நிறத்தை 0.1 வரை குறைப்பவர்கள் உண்டு. இயற்கையில் அவ்வளவு இருண்ட சுத்த உலோகம் கிடையாது. இருண்ட உலோகம் வேண்டுமானால் அது பார்க்கும் திசையை இருட்டாக்குவதே சரியான வழி.

உலோகமல்லாத பொருள்களில் இரண்டு அடுக்குகளாகச் சிந்திக்க வேண்டும்: அடியில் பரவல் ஒளி (எல்லாத் திசைகளிலும் சிதறும் ஒளி) தரும் நிறம், மேலே ஃப்ரெனெல் விதிப்படி எதிரொளிக்கும் மெல்லிய பரப்பு. கருந்தரைக்கு அடிநிறம் 0.02 முதல் 0.04 வரை, ரஃப்னஸ் 0.1 முதல் 0.2 வரை என்பது நல்ல தொடக்கம். அடிநிறத்தை 0 ஆக வைக்காதீர்கள். கரிகூடச் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. வெள்ளைச் சுவருக்கு 0.8 என்பதைத் தாண்ட வேண்டாம். 1.0 என்று வைத்தால் மூடிய அறையில் ஒளி எங்கும் உறிஞ்சப்படாமல் சுற்றிக்கொண்டே இருந்து, நிழல்களை அழித்துவிடும்.

ஒளிப்பட்டைகளை அமைத்தல்

வேலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. புள்ளி விளக்கு ஒன்று மெருகேற்றிய உலோகத்தில் ஒரு சிறு புள்ளியாகவே தெரியும். அதனால் வடிவம் எதுவும் புலப்படாது. நீளமான செவ்வக விளக்கோ வளைந்த தகட்டின் மீது நீண்ட கோடாகப் படர்ந்து, அந்த வளைவின் போக்கையே வரைந்து காட்டும். எனவே முதன்மை விளக்குகளை ஏரியா லைட்டாகவோ (பரப்பு விளக்காகவோ), தானே ஒளிரும் எமிஷன் மெட்டீரியல் இட்ட நீண்ட பட்டைகளாகவோ அமையுங்கள். அவற்றை எங்கே வைப்பது என்பதை எளிய விதி ஒன்று தீர்மானிக்கிறது: படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். கேமராவிலிருந்து தகட்டுக்கு ஒரு கோடு இழுத்து, அது அங்கிருந்து எதிரொளித்துச் செல்லும் திசையைப் பாருங்கள். அத்திசையில் விளக்கு இருந்தால் தகடு மின்னும், இல்லாவிட்டால் எத்தனை வாட் கூட்டினாலும் மின்னாது.

பட்டையின் விளிம்பு எப்படி மறைகிறது என்பது அதன் பிரகாசத்தைவிட முக்கியமானது. முழுவதும் ஒரே சீரான வெண்மையில் உள்ள பட்டை, பிரதிபலிப்பில் வெட்டி ஒட்டிய காகிதத்துண்டாகத் தெரியும். நடுவில் பிரகாசமாகவும் ஓரங்களில் படிப்படியாக மங்குவதாகவும் எமிஷனுக்கு ஒரு கிரேடியன்ட் கொடுத்தால், உலோகத்தின் மீது விழும் ஒளி மெல்லக் கரையும். பொருள்களைப் படமெடுக்கும் ஸ்டூடியோக்களில் விளக்குக்கும் பொருளுக்கும் இடையே ஒளிபரப்பும் திரையைத் தொங்கவிடுவது இதே நோக்கத்தோடுதான்.

எல்லாப் பட்டைகளும் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. சிலவற்றைக் கூரையோரப் பள்ளத்தில் மறைத்து, ஒளி மட்டும் கூரையில் பட்டுத் திரும்புமாறு செய்யுங்கள். அப்போது ஒளிர்வது கூரையாக இருக்கும். தரையில் தெரியும் பிரதிபலிப்பும் அகன்றதாகவும் மென்மையாகவும் மாறும். மறைந்த பட்டைகள் அறையின் பொது ஒளியைத் தர, வெளிப்படையான பட்டைகள் கோடுகளை வரைந்தால் போதும் என்பதே என் விருப்பமான பிரிவினை.

நேரடியாகத் தெரியும் பட்டையில் ஒரு சிக்கல் உண்டு. அறையை நிரப்பும் அளவுக்கு அதன் எமிஷனைக் கூட்டினால், பட்டை நிறமிழந்து வெறும் வெண்மையாக எரியும். நிறம் தெரியும் அளவுக்குக் குறைத்தால் அறை இருண்டுவிடும். கதிரின் வகையைக் கண்டறியும் லைட் பாத் நோடு (மெட்டீரியலைக் கட்டும் இணைப்புப் பெட்டிகளில் ஒன்று) இதற்குக் கைகொடுக்கும். கேமரா கதிருக்கு ஒரு குறைந்த மதிப்பும், பிற கதிர்களுக்கு உயர்ந்த மதிப்பும் போகுமாறு பிரித்துக்கொள்ளுங்கள். குறைந்த மதிப்பை கிளாசி கதிருக்கும் (பளபளப்பான பரப்பில் எதிரொளித்து வரும் கதிருக்கும்) சேர்த்தே கொடுக்க மறந்துவிட்டால், நேரில் நீலமாகத் தெரியும் பட்டை தரைப் பிரதிபலிப்பில் வெள்ளையாக எரியும்.

நிறத்தைப் பொறுத்தவரை, இளநீலமும் ஆரஞ்சும் சேர்ந்த கூட்டணி எத்தனையோ படங்களில் பயன்பட்டுச் சலித்துவிட்டது. ஒரே அறையில் 6500 கெல்வின் குளிர் வெண்மையும் 4000 கெல்வின் மிதமான வெண்மையும் மட்டும் இருந்தாலே போதுமான வேறுபாடு கிடைக்கும். பிளாக்பாடி நோடு இந்த எண்களை நேரடியாக ஏற்கும். அடர்ந்த நிறத்தை எச்சரிக்கை விளக்கு, திரை, கதவுப் பொத்தான் போன்ற சிறிய இடங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

கேமராவின் முதுகுப்புறம்

கேமராவுக்குப் பின்னால் சுவரே கட்டாமல் விடுவது, உள்ளரங்கக் காட்சிகளில் நேரத்தை மிச்சப்படுத்தும் பழக்கம். ஆனால் கேமராவை நோக்கி நிற்கும் ஒவ்வொரு உலோகத் தகடும் அந்த வெறுமையைத்தான் பார்க்கிறது. உலகப் பின்னணி கறுப்பாக இருந்தால் தகடும் கறுப்பாகும். பின்னணியில் சூழலைச் சுற்றிலும் காட்டும் ஏதேனும் எச்டிஆர்ஐ படம் இருந்தால், விண்கலத்தின் சுவரில் திடீரென்று வானமும் மரங்களும் தெரியும். ஆகவே பின்புறச் சுவரையும் கட்டிவிடுங்கள். அதில் நுணுக்கம் தேவையில்லை; ஓரிரு ஒளிப்பட்டைகளும், இருண்ட கதவு வடிவமும், கிடைமட்டமான சில தகட்டுப் பிளவுகளும் போதும்.

இதற்கு மேலும் சில இடங்களில் பிரதிபலிப்பைத் தனியே கட்டுப்படுத்த வேண்டிவரும். ஒவ்வொரு பொருளுக்கும் விளக்குக்கும் உள்ள ரே விசிபிலிட்டி அமைப்பில், கேமராவுக்குத் தெரியாமல் பிரதிபலிப்பில் மட்டும் தெரியும்படியோ, ஒளி தந்தும் பிரதிபலிப்பில் தெரியாதபடியோ செய்யலாம். 2023-இல் வெளிவந்த பிளெண்டர் 4.0-இலிருந்து, குறிப்பிட்ட விளக்கு குறிப்பிட்ட பொருளுக்கு மட்டும் ஒளி தருமாறு செய்யும் லைட் லிங்கிங் வசதியும் உண்டு. நாயகப் பொருளாக நடுவில் நிற்கும் ஒரு கட்டுப்பாட்டு மேசைக்கு மட்டும் தனி ஒளிப்பட்டை கொடுப்பதற்கு இது மிகவும் ஏற்றது. அதே நேரத்தில், ஏமாற்று வேலை இரண்டு மூன்றைத் தாண்டினால் அறையின் ஒளிக்குள் இருக்கும் ஒழுங்கு குலைந்து, காரணம் சொல்ல முடியாத ஒரு போலித்தன்மை படத்தில் படிந்துவிடும்.

ரஃப்னஸ்: ஒரே எண்ணை நம்ப வேண்டாம்

அறையிலுள்ள எல்லாப் பரப்புகளுக்கும் ரஃப்னஸ் 0.05 என்று கொடுத்தால், அறை முழுவதும் கண்ணாடிகளாகி, பார்வை நிலைகொள்ள இடமின்றித் தவிக்கும். பரப்புகளை வரிசைப்படுத்துங்கள்: கருந்தரை 0.15, முதன்மைத் தகடுகள் 0.3, சட்டங்கள் 0.45, இருக்கையின் உறை 0.7 என்பதுபோல இடைவெளி விட்டு அமைத்தால், ஒரே விளக்கு ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அகலத்தில் விரியும். சைக்கிள்ஸ் இந்த எண்ணைக் கணக்கிடும்போது வர்க்கமாக்கிக்கொள்வதால், 0.1-க்கும் 0.2-க்கும் இடையே தெரியும் மாற்றம் தோன்றுவதைவிடப் பெரியது.

அடுத்து, ஒவ்வொரு பரப்புக்குள்ளும் சிறிய ஏற்ற இறக்கம் வேண்டும். நடைபாதையில் கால் தேய்ந்த தரை, கதவருகே கை பட்ட தகடு, துடைத்த தடம் ஆகியவற்றை நிறத்தில் காட்டாமல் ரஃப்னஸ் மேப்பில் (இடத்துக்கு இடம் ரஃப்னஸை மாற்றும் படத்தில்) மட்டும் காட்டினால், நேராகப் பார்க்கும்போது தெரியாமல், ஒளிக்கோடு அதன் மீது படும்போது மட்டும் வெளிப்படும். புத்தம்புதிதாகத் தோன்றும் அறைக்குக்கூட இது தேவை, 0.05 அளவிலான மாறுபாடே போதும். ரஃப்னஸ் மேப்பும் நார்மல் மேப்பும் நிறத் தகவல் அல்ல என்பதால், அவற்றின் கலர் ஸ்பேஸ் கட்டாயம் நான்-கலர் என்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மதிப்புகள் அனைத்தும் சத்தமில்லாமல் திரிந்துவிடும்.

பெரிய தகடுகளுக்கு இன்னொரு நுணுக்கமும் உண்டு. உண்மையான உலோகத்தகடு எதுவும் முழுத் தட்டையாக இருப்பதில்லை. பெரிய அளவிலான நாய்ஸ் டெக்ஸ்சர் (ஒழுங்கற்ற புள்ளி வடிவம்) ஒன்றை மிகக் குறைந்த வலுவில், மேடுபள்ளம் காட்டும் பம்ப் நோடு வழியாகக் கொடுத்தால், பிரதிபலிப்பில் ஓடும் நேர்கோடு தகட்டுக்குத் தகடு சற்றே வளையும். அந்த ஒரு வளைவு தரும் நம்பகத்தன்மையைக் கீறல் டெக்ஸ்சர்கள் பத்து சேர்ந்தாலும் தருவதில்லை.

சாளரமும் இருளும்

விண்வெளியை நோக்கிய சாளரம் பகலில் திறந்த சன்னலைப்போல நடந்துகொள்ளாது. கண்ணாடியின் இரு பக்கங்களும் தலா 4 விழுக்காடு எதிரொளிப்பதால், மொத்தத்தில் சுமார் 8 விழுக்காடு அறை ஒளி திரும்பி வருகிறது. வெளியே இருள் என்றால், இந்த 8 விழுக்காடே விண்மீன்களை மறைக்கப் போதும். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரங்களின் கண்ணாடிகள் மேற்பகுதி வெளிப்புறமாகச் சாய்ந்திருப்பது இதற்காகவே: உள்ளிருப்பவர்களுக்கு ஒளிரும் கருவிகளின் பிரதிபலிப்புக்கு மாறாக இருண்ட கூரையின் பிரதிபலிப்பே தெரியும். எதிர்கால அறையிலும் சாளரத்தைச் சாய்த்து, அதன் மேலுள்ள கூரைப் பகுதியை இருட்டாக விட்டால், காட்சிக்கு வடிவமும் கிடைக்கும், காரணமும் கிடைக்கும்.

கண்ணாடிக்குத் தடிமன் கொடுங்கள். ஒற்றைப் பரப்பாக விட்டால், கதிர் கண்ணாடிக்குள் புகுந்து வெளியே வராததுபோல் கணக்கிடப்பட்டு, பின்னணி விலகித் தெரியும். வெளியிலிருந்து ஒளி உள்ளே வர வேண்டுமானால், நிழல் கதிர்களுக்கு மட்டும் கண்ணாடியை டிரான்ஸ்பரன்ட் ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சைக்கிள்ஸ் அதைச் சுவரைப்போல நிழல் விழச்செய்யும்.

பவுன்ஸ் எண்ணிக்கையும் நாய்சும்

கதிரைக் கண்ணாடிகளுக்கிடையே திரும்பத் திரும்பப் பின்தொடரும் முறையை டர்னர் விட்டட் 1980-இல் வெளியிட்டார். பரவல் ஒளியையும் உள்ளடக்கிய முழுச் சமன்பாட்டை ஜேம்ஸ் கஜியா 1986-இல் எழுதினார். சைக்கிள்ஸ் கணக்கிடுவது அந்தச் சமன்பாட்டைத்தான். ஆனால் முடிவின்றித் தொடரும் அந்தக் கணக்கை எங்கேனும் நிறுத்தியாக வேண்டும். பிளெண்டர் 4 வரிசைப் பதிப்புகளின் இயல்பு அமைப்பில் மொத்தப் பவுன்ஸ் (கதிர் பரப்புகளில் பட்டுத் திரும்பும் தடவைகள்) 12, பரவல் 4, கிளாசி 4.

எதிரெதிர்த் தகடுகள் உள்ள அறைக்கு கிளாசி 4 போதாது. ஆழத்தில் உள்ள பிரதிபலிப்புகள் கறுப்பாகிவிடும். அதை 8 ஆக்குங்கள். பரவல் பவுன்சிலும் இதே கணக்கு உண்டு. 0.8 எதிரொளிக்கும் சுவர்கள் சூழ்ந்த மூடிய அறையில், 4 பவுன்சோடு நிறுத்தினால் சேர வேண்டிய ஒளியில் மூன்றில் இரண்டு பங்குதான் சேரும். 12 வரை சென்றால் ஏறத்தாழ 95 விழுக்காடு சேரும். வெள்ளை அறை எதிர்பார்த்ததைவிட மந்தமாகத் தோன்றும்போது, விளக்குகளைக் கூட்டும் முன் இந்த எண்ணைக் கூட்டிப் பாருங்கள். கருமையான அறையில் இதனால் பயன் மிகக் குறைவு.

பளபளப்பான பரப்பும் சிறிய பிரகாசமான விளக்கும் சேர்ந்தால், படத்தில் ஆங்காங்கே மின்மினிகள்போல வெண்புள்ளிகள் தோன்றும். மறைமுக ஒளியின் உச்சத்தை வெட்டும் இன்டைரக்ட் கிளாம்பின் இயல்பு மதிப்பு 10. அதை 5 வரை குறைத்தால் புள்ளிகள் அடங்கும், ஆனால் பிரதிபலிப்புகளின் உச்ச ஒளியும் சற்று மடியும். எனவே முதலில் மூலத்தைச் சரிசெய்யுங்கள்: விளக்கின் பரப்பைப் பெரிதாக்கி, அதன் வலுவைக் குறையுங்கள். கிளாம்பைக் கடைசியில் தொடுங்கள். நாய்ஸ் எனப்படும் புள்ளிகளை நீக்கும் டீநாய்ஸ் வசதியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்றாலும், சாம்பிள் (படப்புள்ளி ஒன்றுக்கு அனுப்பும் கதிர்களின் எண்ணிக்கை) மிகக் குறைவாக இருக்கும்போது அது ரஃப்னஸ் மேப்பின் நுண்தடங்களை மெழுகிவிடும்.

ஈவீயில் செய்வோருக்கு

பிளெண்டரின் வேகமான மற்றொரு ரெண்டரரான ஈவீயின் திரைவெளிக் கதிர்முறை, திரையில் தெரிவதை மட்டுமே பிரதிபலிக்கும். படச்சட்டத்துக்கு வெளியே உள்ள ஒளிப்பட்டை தரையில் தோன்றாமல் போவதும், திரையின் ஓரத்தில் பிரதிபலிப்பு திடீரென அறுபடுவதும் இதனால்தான். தரைக்குச் சற்று மேலே பிளேன் வகை லைட் புரோபையும் (சுற்றுப்புறத்தைப் பதிவுசெய்து பிரதிபலிப்புக்குத் தரும் பொருளையும்), அறையின் நடுவில் ஸ்பியர் வகை லைட் புரோபையும் வைத்தால் குறை பெருமளவு நீங்கும். வளைந்த உலோகத்தில் பல முறை எதிரொளித்து வரும் ஒளி வேண்டும் என்றால் சைக்கிள்சுக்கே செல்லுங்கள்.

நிற மேலாண்மையும் சேமிப்பும்

ஒளி மதிப்புகளைத் திரை நிறங்களாக மாற்றும் வியூ டிரான்ஸ்ஃபார்மை ஏஜிஎக்ஸ் நிலையிலேயே விடுங்கள், பிளெண்டர் 4.0 முதல் அதுவே இயல்பு. அடர்ந்த நிற விளக்குகள் மிகப் பிரகாசமாகும்போது, அவை பளிச்சென்ற ஒரே நிறத் திட்டாக வெட்டுப்படாமல் படிப்படியாக வெண்மையை நோக்கி நகர்கின்றன. எக்ஸ்போஷரைச் சரிபார்க்க பிரகாச அளவுகளைத் தனித்தனி நிறங்களில் காட்டும் ஃபால்ஸ் கலர் காட்சிக்கு ஒருமுறை மாறிப் பாருங்கள். பட்டைகளின் நடுப்பகுதி மட்டும் உச்சத்தைத் தொட்டு, தகடுகளின் பரப்பு நடுநிலைச் சாம்பலைச் சுற்றி நின்றால் அமைப்பு சரி. தகடுகளும் உச்சத்தைத் தொட்டால், எக்ஸ்போஷரைக் குறைக்காமல், அவற்றில் தெரியும் பட்டைகளின் வலுவைக் குறையுங்கள்.

இறுதி ரெண்டருக்கு முன், கூரைப் பட்டைகள், சுவர்ப் பட்டைகள், சாளர ஒளி, திரைகள் என விளக்குகளைத் தனித்தனி லைட் குரூப்களில் சேர்த்துவிடுங்கள். படத்தைப் பல அடுக்கு ஓப்பன்இஎக்ஸ்ஆர் கோப்பாகச் சேமித்தால், ஒவ்வொரு குழுவின் பிரகாசத்தையும் நிறத்தையும், ரெண்டரான படத்தைத் திருத்தும் கம்போசிட்டரில் மறு ரெண்டர் இல்லாமலே மாற்றலாம். அந்தந்த விளக்கின் பிரதிபலிப்பும் கூடவே மாறும். ஒளிப்பட்டைகளைச் சுற்றிய மென்மையான ஒளிவட்டத்தையும் அங்கேயே கிளேர் நோடு வழியாகச் சேருங்கள். அதன் த்ரெஷோல்டை (ஒளிவட்டம் தொடங்கும் பிரகாச வரம்பை) பட்டைகள் மட்டும் தாண்டும் அளவுக்கு உயர்த்தி வைத்தால், தரையின் நுண்ணிய பிரதிபலிப்புகள் பனிமூட்டத்தில் கரையாமல் கூர்மையாகவே நிற்கும்.